நாலு கிலோ நூற்றுப் பத்து

முள் இல்லாத தராசு.
எண்கள் சிவப்பாய் ஓடி நின்றன:
நாலு கிலோ, நூற்றுப் பத்து கிராம்.
"ஹாவ்!" என்றாராம் நர்ஸ் என்டோம்பி,
தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தாராம்.
முப்பத்தேழு வாரத்துக்கு இது
யாரோ தவணை கட்டிச் சேர்த்த எடை.

நான் பார்க்கவில்லை.
மெக்னீசியம் நரம்பில் நெருப்பாய் ஏறிக்கொண்டிருந்தது,
கூரை விளக்கு இரண்டாகத் தெரிந்தது.
பிரெகாசன் வந்து காதில் சொன்னான்,
கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற குரலில்.

மகனே, நாளைக்கு உன் வயதை
யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?

உன் அக்கா தர்ஷணியும் நீயும்
ஒரே செவ்வாய்க்கிழமை,
உம்லாங்காவில் ஒரே கண்ணாடித் தட்டில்
தொடங்கியவர்கள்.
ஐந்தாம் நாள் அவள் எனக்குள் வந்தாள்.
உன்னையும் இன்னொன்றையும்
வைக்கோலிலும் மெல்லிய குழல்களில்
உறையவைத்தார்கள்.
அவள் பிறந்தபோது இரண்டு கிலோ முன்னூறு,
கடையில் வாங்கும்
மீலி மாவுப் பாக்கெட்டைவிட இலேசு.
கையில் வைத்திருப்பது போலவே இராது.
அவளுக்குப் பல் முளைத்தது,
விழுந்தது, மறுபடி முளைத்தது.
நீ மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்
அசையாமல் இருந்தாய்.

அந்த வருடங்களில்தான் கரண்ட் போய்ப் போய் வந்தது.
ஸ்டேஜ் ஆறு. ஒரு நாளில் மூன்று இருட்டு.
ஃபிரிட்ஜில் மீன் கெட்டது,
ஐஸ் உருகித் தரையெல்லாம் ஈரம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்காவுக்குச் சோறூட்டி
துணியால் அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள்
சட்டென்று நிறுத்தி, போன் போட்டேன்:
"கரண்ட் இல்லையே, என் பிள்ளைகள்?"
லேபிலிருந்த லெராட்டோ சிரிக்கவில்லை.
"தொட்டிக்குக் கரண்ட் வேண்டாம், மிசிஸ் மூட்லி.
வியாழக்கிழமை நைட்ரஜன் லாரி வரும்.
லாரி வந்தால் போதும்."

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில்
எம் ஃபோர் சாலையில்
எந்த டாங்கர் பின்னால் வந்தாலும்
ஒதுங்கி வழிவிட்டேன்.
பாதி எண்ணெய் லாரி, பால் லாரி.
இருக்கட்டும்.

டாக்டர் ஃபான் டொண்டர் முன்னமே சொல்லியிருந்தார்,
தாளின் பின்பக்கம் படம் போட்டு:
உறைந்திருந்து வருபவை
கொஞ்சம் கனத்துப் பிறப்பது கூடுதல்,
தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் கூடுதல்.
பெரும்பாலும் நன்றாகவே முடியும்.
ஏன் அப்படி, என்றேன்.
பேனாவை மூடினார். குளிரா, மருந்தா,
கருப்பையைத் தயார்செய்கிற முறையா,
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்,
எனக்கு நிச்சயமாய்த் தெரியாது.
தெரியாது என்று அவர் சொன்ன பிறகுதான்
நான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாம் மாதம் மோதிரம் கழறவில்லை.
சோப்பு, எண்ணெய், கடைசியில் வெட்டுக்கத்தரி.
கண்ணுக்குள் பூச்சி பறந்த இரவு
ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுதும்
பிரெகாசன் ஒரு சிவப்பு விளக்குக்கும் நிற்கவில்லை.

டொங்காட் அத்தைகள் வந்து
உன் தொடையைக் கிள்ளினார்கள்.
"மூட்லி எலும்பு, பாரேன்!"
நான் சிரித்தேன், தையல் இழுத்தது.
உன் எலும்பில் யாருடைய பங்கு எவ்வளவு,
அந்த ஆறு வருடக் குளிருக்கு எவ்வளவு,
யார் பிரித்துச் சொல்வது?
உருக எடுத்தது
ஒரு நிமிடந்தான் என்றாள் லெராட்டோ.

தர்ஷணி உன்னை மடியில் வாங்கி
கால் மரத்துப்போய்த் திருப்பித் தந்தாள்.
"நாங்க ட்வின்ஸா, மா?"
இல்லை என்றேன்.
ஒருவகையில் ஆமாம் என்றேன்.
"அப்ப நான் ஏன் முதல்ல?"
அன்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர்
உன்னைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.
இதை அவளிடம் சொல்லவில்லை,
உன்னிடம் சொல்கிறேன்,
உனக்கு இன்னும் காது பிடிபடவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்
இந்த வருட வாடகைச் சீட்டு.
பெயர் கிடையாது, ஓர் எண்.
புதுப்பிக்க, கைவிட, தானம் தர
என்று மூன்று கட்டங்கள். மூன்றும் காலி.
பேனா பக்கத்திலேயே தொங்குகிறது.

நீ பால் குடிக்கிறாய், மூச்சு முட்ட,
பட்ட கடனை வசூலிப்பவன் போல.
வெளியே மேட்டில் ஏதோ கனத்த வண்டி
கியர் மாற்றி ஏறுகிறது.
இன்றைக்கு என்ன கிழமை?